கேம்கார்டர் பதிவுகளைக் கணினிக்கு மாற்றுதல்: நாடாவுக்கு ஒரு வழி, கார்டுக்கு வேறு வழி

கேபிளைத் தேடுவதற்கு முன்பு, கேமரா எதில் பதிவு செய்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். மெமரி கார்டிலோ உள்ளே பொருத்தப்பட்ட ஹார்டு டிஸ்கிலோ பதிவாகியிருந்தால், காட்சிகள் ஏற்கெனவே கோப்புகளாக இருக்கின்றன, நகலெடுத்தால் போதும். நாடாவில் கோப்பு என்று எதுவும் கிடையாது. கேமராவில் நாடாவை ஓடவிட்டு, அதிலிருந்து வருவதைக் கணினியில் பதிய வேண்டும் என்பதால், ஒரு மணி நேர நாடாவுக்கு முழுதாக ஒரு மணி நேரம் ஆகும்.

1995-இல் வந்த மினிடிவி (MiniDV) நாடா டிஜிட்டல் வகையைச் சேர்ந்தது. ஆகவே கேமராவையும் கணினியையும் இணைக்கும் ஃபயர்வயர் (FireWire) என்ற பழைய வகைக் கேபிள் வழியாக மாற்றும்போது, நாடாவில் உள்ள தரவு தரம் குறையாமல் அப்படியே கணினிக்கு வந்துவிடும். சோனி கேமராக்களில் இதே இணைப்புக்கு ஐ.லிங்க் என்று பெயர். பலர் ஏமாறும் இடம் இதுதான்: அதே கேமராவில் யுஎஸ்பி துளையும் இருக்கும், ஆனால் பெரும்பாலான மாதிரிகளில் அது புகைப்படங்களை மாற்றுவதற்கானது, வீடியோ வந்தாலும் சிறிதாகவும் தரம் குறைந்தும் வரும். ஃபயர்வயர் முனையை யுஎஸ்பி முனையாக மாற்றித் தருவதாக விற்கப்படும் மலிவான இணைப்பான்களை வாங்க வேண்டாம். இரண்டும் தரவை அனுப்பும் முறையே வேறு என்பதால், முனையின் வடிவத்தை மட்டும் மாற்றிப் பயனில்லை. மேசைக் கணினியாக இருந்தால் உள்ளே செருகும் பிசிஐ எக்ஸ்பிரஸ் வகை ஃபயர்வயர் கார்டு ஒன்றைப் பொருத்துவதும், மடிக்கணினி மட்டுமே இருந்தால் ஃபயர்வயர் துளை உள்ள பழைய கணினி ஒன்றை இந்த வேலைக்கென்று இரவல் வாங்குவதும் எளிது. கேமராவில் பெரும்பாலும் 4 முள் துளையும், கணினியில் 6 அல்லது 9 முள் துளையும் இருக்கும். பார்த்து, அதற்கேற்ற கேபிளை வாங்க வேண்டும்.

நாடாவின் ஓரத்தில் உள்ள சிறு தாழ்ப்பாளை முதலில் பூட்டு நிலைக்குத் தள்ளிவிட்டால், தவறுதலாக அதன்மேல் பதிவாகாது. நெடுநாள் கிடந்த நாடாவை ஒருமுறை முழுதும் முன்னோக்கி ஓட்டி, மீண்டும் பின்னோக்கிச் சுற்றினால் இழுவிசை சீராகும். பேட்டரியை நம்பாமல் மின் அடாப்டரில் கேமராவை இயக்கி, பிளே நிலைக்கு மாற்றிய பின், விண்டோஸில் வின்டிவி (WinDV), லினக்ஸில் டிவிகிராப் (dvgrab), ஃபயர்வயர் உள்ள பழைய மேக்கில் ஐமூவி போன்ற மென்பொருளில் பதிவைத் தொடங்கலாம். ஒரு மணி நேரப் பதிவு ஏறத்தாழ 13 ஜிபி பிடிக்கும். ஃபேட்32 (FAT32) என்ற கோப்பு அமைப்பு முறையில் ஃபார்மட் செய்த டிஸ்கில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. அதாவது சுமார் 20 நிமிடத்திலேயே தடைபடும். என்டிஎஃப்எஸ் (NTFS) அல்லது எக்ஸ்ஃபேட் (exFAT) முறையில் ஃபார்மட் செய்த டிஸ்க் இதற்குப் பொருத்தமானது. படத்தில் சதுரம் சதுரமாகச் சிதறல் தெரிந்தால், நாடா கெட்டுவிட்டதென்று முடிவு செய்யாமல், நாடாவைப் படிக்கும் பகுதியான கேமராவின் ஹெட்டைத் துப்புரவு நாடாவால் சுத்தம் செய்து அந்தப் பகுதியை மட்டும் மீண்டும் பதிவு செய்து பார்க்கலாம். எல்பி (LP) வேகத்தில், அதாவது நாடாவை மெதுவாக ஓட்டி அதிக நேரம் பதிந்த நாடாக்கள், எடுத்த அதே கேமராவில்தான் நன்றாக ஓடும்.

ஹை8 போன்ற அனலாக் நாடாவுக்கு, அதை ஓட்டக்கூடிய, ஃபயர்வயர் உள்ள டிஜிட்டல்8 வகை கேமரா கிடைத்தால் மேற்சொன்ன ஃபயர்வயர் வழியே போதும். இல்லையெனில் அனலாக் படத்தை டிஜிட்டலாக மாற்றிக் கணினிக்குத் தரும், எஸ்-வீடியோ (S-Video) துளையுள்ள கேப்சர் கருவி தேவைப்படும்.

கார்டில் பதிவாகும் கேமராக்களில் வேலை குறைவு, ஆனால் அவசரத்தில் தவறு நேர்வது இங்குதான். சோனியும் பானாசோனிக்கும் 2006-இல் அறிமுகப்படுத்திய ஏவிசிஎச்டி (AVCHD) என்ற பதிவு முறையில், எம்டிஎஸ் (MTS) எனப்படும் வீடியோ கோப்புகள் பல கோப்புறைகளுக்குள் இருக்கும். அவற்றை மட்டும் பொறுக்கியெடுக்காமல், கார்டில் உள்ள அனைத்தையும் தேதியிட்ட ஒரு கோப்புறைக்குள் அப்படியே நகலெடுக்க வேண்டும். நீண்ட பதிவைக் கேமரா 2 அல்லது 4 ஜிபி துண்டுகளாக உடைத்துவிடுகிறது. எந்தத் துண்டு எதைத் தொடர்கிறது என்ற குறிப்பு மற்றக் கோப்புகளில் இருக்கிறது. நான் ஒருமுறை எம்டிஎஸ் கோப்புகளை மட்டும் எடுத்து நானே ஒட்டியதில், ஒரு நீண்ட உரையின் நடுவே பேச்சாளரின் பாதிச் சொல் காணாமல் போனது. முழு அமைப்பும் இருந்தால் படத்தொகுப்பு மென்பொருள் அந்தத் துண்டுகளைத் தானே சேர்த்துக்கொள்ளும்.

நகலெடுத்ததும் தொடக்கம், நடு, இறுதி ஆகிய மூன்று இடங்களிலும் ஒலியோடு ஓட்டிப் பார்த்து, வேறொரு டிஸ்கில் இரண்டாவது நகலை வைத்த பிறகே கார்டை அழிக்கலாம். அதையும் கணினியில் அல்லாமல் கேமராவிலேயே ஃபார்மட் செய்வது நல்லது.

தொகுப்பைத் தொடங்கும்போது, பதிவின் அமைப்பையே புராஜெக்டுக்கும் கொடுக்க வேண்டும். பால் (PAL) என்ற தொலைக்காட்சி முறையில் எடுத்த மினிடிவி என்றால் 720x576, நொடிக்கு 25 ஃபிரேம்கள். இவற்றில் ஒவ்வொரு ஃபிரேமும் ஒன்றுவிட்டு ஒன்றான கோடுகளைக் கொண்ட இரண்டு புலங்களாக (fields) பதிவாகும்; மினிடிவியில் கீழ்ப் புலம் முதலிலும், 1080i ஏவிசிஎச்டியில் மேல் புலம் முதலிலும் வரும். இந்த வரிசையை மாற்றிக் கொடுத்துவிட்டால், நகரும் பொருள்கள் எல்லாம் முன்னும் பின்னுமாக நடுங்கும்.