பாக்ஸ் செட்டைப் பிரித்ததும் செய்யும் தவறுகள்

“இன்னாப்பா இது, பாதிக்கு மேல நம்மகிட்ட ஏற்கெனவே இருக்கிற பாட்டுதான!” என்று காட்பாடி நண்பர் போனில் அலுத்துக்கொண்டார். மைக்கேல் ஜாக்சனின் ‘தி அல்டிமேட் கலெக்‌ஷன்’ பாக்ஸ் செட்டை யாரிடமோ செகண்ட் ஹேண்டில் வாங்கியிருந்தார். 2004-ல் வந்தது. நான்கு சிடி, ஒரு டிவிடி. பாட்டுப் பட்டியலைப் பார்க்காமலே பணம் கொடுத்துவிட்டார், தவறு அங்கேயே ஆரம்பம். இப்படிப்பட்ட பாக்ஸ் செட்டில் பெரும்பாலும் ஹிட் பாடல்கள்தான் இருக்கும், அபூர்வப் பதிவுகள் நடுநடுவே வரும். ‘டெமோ’ (பாட்டு முழுசாக உருவாகும் முன் பதிந்துவைக்கும் மாதிரிப் பதிவு), ‘இதுவரை வெளிவராதது’ என்ற குறிப்பு எத்தனை பாட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று எண்ணிப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள். ரீமிக்ஸைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

சரி, வாங்கியாயிற்று. அடுத்த தவறு, டெமோவை முடிந்த பாட்டாக நினைத்துக் கேட்பது. நண்பர் இதிலும் ஏமாந்தார். உதாரணத்துக்கு, ஜாக்சனின் ‘த்ரில்லர்’ ஆல்பத்தின் 2001 மறுபதிப்பில் ‘பில்லி ஜீன்’ பாட்டின் 1981 வீட்டு டெமோ இருக்கிறது. பாதி இடங்களில் வார்த்தையே இல்லை. மெட்டுக்கு நாம் தத்தகாரம் போடுவதுபோல வாய்க்கு வந்த ஒலிகளால் நிரப்பிக்கொண்டு போகிறார். ஆனால் அந்தத் தாளமும் பேஸும் அப்போதே வந்து உட்கார்ந்துவிட்டன. நமக்கு மனப்பாடமாகத் தெரிந்த வரிகள் இன்னும் பிறக்காத நேரம் அது. ஜாக்சனுக்கு இசைக் குறிப்பு எழுதவோ படிக்கவோ தெரியாது. தாளத்தையும் மற்ற பகுதிகளையும் வாயாலேயே பாடி டேப்பில் பதிந்துகொள்வார். 2009-ல் வெளிவந்த ‘பீட் இட்’ டெமோவில் வாத்தியமே கிடையாது, எல்லாக் குரலும் அவருடையதே.

இதைக் கேட்க ஒரு வரிசை உண்டு. முதலில் வெளிவந்த பாட்டு, பிறகு டெமோ, அப்புறம் மறுபடியும் வெளிவந்த பாட்டு. மூன்றாவது முறையில்தான் விஷயமே இருக்கிறது. யாரோ எதையோ சேர்த்த இடமும் வெட்டிய இடமும் தனியாகக் காதில் விழும். ‘பி.ஒய்.டி.’ என்ற பாட்டில் முயன்று பாருங்கள். அல்டிமேட் கலெக்‌ஷனில் உள்ள டெமோ நிதானமாக நகரும் வேறொரு பாட்டு. ஜாக்சனும் கிரெக் ஃபில்லிங்கேன்ஸும் எழுதியது. 1982-ல் ‘த்ரில்லர்’ ஆல்பத்தில் வந்த துள்ளல் பாட்டை எழுதியவர்கள் ஜேம்ஸ் இங்கிராமும் குவின்சி ஜோன்ஸும். தலைப்பு மட்டும் தங்கிவிட்டது.

டேப் இரைச்சலைக் கேட்டதும் ட்ரெபிளைக் குறைக்காதீர்கள். அதோடு மூச்சுச் சத்தமும் விரல் சொடுக்கும் போய்விடும்.

‘வெளிவராதது என்றால் வைரம்’ என்ற நம்பிக்கையும் பலருக்கு இருக்கிறது. இடம் போதாமலும் பாட்டு வெளியே நிற்கும் என்பது எண்பதுகளில் வேலூர் லாங் பஜார் பக்கம் ரெக்கார்டிங் கடைக்குப் பாட்டு லிஸ்ட்டோடு போனவர்களுக்குத் தெரியும். “அறுபதா, தொண்ணூறா?” என்பார் கடைக்காரர். அறுபது நிமிட கேசட்டில் ஒரு பக்கம் 30 நிமிடம்தான். ஆசைப்பட்டு ஒரு பாட்டை அதிகம் எழுதினால், பக்கக் கடைசியில் சரணத்தோடு அறுந்துவிடும். இசைத்தட்டில் சிக்கல் இன்னும் பெரிது. ஒரு பக்கத்தில் நிமிடம் கூடக் கூடப் பள்ளங்கள் நெருங்கி, ஒலி மெலிந்துபோகும். ‘த்ரில்லர்’ முதலில் அப்படித்தான் ஆனது. அதனால் பாட்டுகளைச் சுருக்கி மறுபடியும் மிக்ஸ் செய்தார்கள். ‘கேரசல்’ என்ற பாட்டு விலகி ‘ஹியூமன் நேச்சர்’ உள்ளே வந்ததும் அந்த ஆல்பத்தில்தான். 2001 பதிப்பில் ‘கேரசல்’ கொஞ்சம் கேட்கக் கிடைக்கிறது. இனிமையான பாட்டுதான், ஆனாலும் என்னைக் கேட்டால் விட்டது சரி. எது ஏன் வெளியே நின்றது என்று யோசித்துக்கொண்டே கேட்கும்போது, சுமாரான பாட்டுகூட அலுக்காது.

பாடகர் இறந்த பிறகு டெமோவுக்குப் புது வாத்தியம் சேர்த்து விற்பதை அசல் டெமோவோடு குழப்பிக்கொள்வதும் உண்டு. 2014-ல் வந்த ‘எக்ஸ்கேப்’ அப்படிப்பட்ட ஆல்பம். அதன் டீலக்ஸ் பதிப்பில் பழைய பதிவுகளையும் சேர்த்தே கொடுத்திருந்தார்கள். வாங்கினால் அதை வாங்குங்கள். நான் பழைய பதிவுகளைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறேன்.

என் பங்குக்கும் ஒரு தவறு இருக்கிறது. அமெரிக்காவிலிருந்து வந்த வேறொரு பாக்ஸ் செட்டை வாங்கி, அதன் டிவிடியை வீட்டு பிளேயரில் போட்டேன். ஓடவில்லை. டிவிடி உலகின் எந்தப் பகுதியில் ஓடும் என்பதற்கு ரீஜன் எண் உண்டு, அவர்கள் ரீஜன் 1, நாம் ரீஜன் 5. பெட்டியின் பின்பக்கம் ஒரு சின்ன உலக உருண்டைப் படத்துக்குள் எண் போட்டிருந்தது. பிறகுதான் பார்த்தேன்.

மரமில்லா மலை, தண்ணீரில்லா ஆறு என்று வேலூரைச் சொல்வார்கள். மே மாதத்தில் அந்த மலை பகலில் வாங்கிய சூட்டை ராத்திரி வரை விட்டுக்கொண்டிருக்கும். மொட்டைமாடிக்குக் கீழே உள்ள பரணில் பெட்டியை வைக்காதீர்கள், காருக்குள்ளும் வேண்டாம். சிடியைத் துடைக்கும்போது நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடையுங்கள். பளபளக்கும் அடிப்பக்கத்தை மட்டும் பொத்திப் பொத்திக் காப்பாற்றுகிறோம். பாட்டைத் தாங்கும் படலம் படம் அச்சிட்ட மேல்பக்கத்துக்கு ஒட்டினாற்போல இருக்கிறது. அங்கே பால்பாயின்ட் பேனாவால் பெயர் எழுதிவைத்த சிடி என்னிடமே இரண்டு உண்டு.