விராலுக்கு ஒரு மரக்கெண்டை: முதல் லூரைச் செய்வது எப்படி

லூர், அதாவது மீனை ஏமாற்றும் போலி இரை, செய்வது எப்படி என்று யூடியூபில் தேடினால் அமெரிக்காக்காரர்கள் ஸ்மால்மவுத் பாஸ் மீனுக்குச் செய்வதுதான் வரிசையாக வரும். அந்த மீன் தெளிந்த ஆற்றில் பாறைகளுக்கு நடுவே கிரேஃபிஷ் என்கிற நன்னீர்ச் சிங்கிறாலைத் தேடித் தின்னும், அதனால் அவர்கள் பழுப்பும் ஆரஞ்சுமாக அடிக்கிறார்கள். நம்ம திருநெல்வேலிக் குளத்து விராலுக்கு அதெல்லாம் எதற்கு? தவளையும் பொடிக்கெண்டையும்தான் அதற்குச் சாப்பாடு. செய்முறையை அங்கேயிருந்து எடுத்துக்கொள்ளுங்கள், உருவத்தை நம்ம தண்ணீரிலிருந்து எடுங்கள்.

அதற்கு முதலில் மீனைப் பார்க்க வேண்டும். பாபநாசம் கோவில் படித்துறையில் கொஞ்சம் பொரியைப் போட்டுவிட்டு உட்கார்ந்து பாருங்கள் (பார்க்க மட்டும்தான், அங்கே தூண்டில் பேச்சே கூடாது). மீன் திரும்பும்போது விலா ஒரு கணம் பளிச்சென்று மின்னி மறையும். நாம் செய்யப்போகும் மரக்கட்டைக்கு அந்த மினுக்கு வந்துவிட்டால் போதும், செதில் செதிலாக வரைவதெல்லாம் பிறகு.

மரத்துக்கு நான் எடுப்பது கல்யாண முருங்கை. கத்திக்கு இளகிக் கொடுக்கும், நன்றாக மிதக்கும். ஆனால் பச்சையாக எடுக்காதீர்கள், நிழலில் நன்றாகக் காயட்டும். 8 செ.மீ. நீளம், 2 செ.மீ. உயரம், 1.3 செ.மீ. தடிமனில் ஒரு கட்டை அறுத்துக்கொள்ளுங்கள். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் கெண்டையைப் பக்கவாட்டில் வரைந்து வெட்டி, கட்டைமேல் வைத்துக் கோடு போடுங்கள். அம்பாசமுத்திரத்து மரச் செப்புச் சாமான் மாதிரி கடைசலில் உருட்டி எடுக்கலாமே என்று தோன்றும். வேண்டாம், கெண்டை உருண்டை இல்லை, இரண்டு பக்கமும் அமுங்கிய உடம்பு.

இப்போதுதான் எல்லோரும் தப்புப் பண்ணும் இடம். கட்டை சதுரமாக இருக்கும்போதே, அதாவது செதுக்கத் தொடங்கும் முன்பே, தாடைக்கான (மூக்கடியில் ஒட்டப்போகும் பிளாஸ்டிக் தகடு) வெட்டையும் வயிற்றின் நடுவில் நீளவாக்கில் ஒரு பள்ளத்தையும் ஆக்ஸா பிளேடால் அறுத்துவிடுங்கள். வளைவு வந்தபிறகு அறுத்தால் வெட்டு கோணலாகும், கோணலான தாடை வைத்த மீன் நேராக நீந்தாது. தாடை உடம்போடு 60 டிகிரி அளவில் கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தால் மேல்மட்டத்திலேயே ஆடிக்கொண்டு வரும். உடம்பு போகும் திசையிலேயே படுத்திருந்தால் ஆழத்துக்கு இறங்கும், நம்ம குளத்துக்கு அது தேவையில்லை.

அப்புறம் செதுக்கி, உப்புத்தாளால் தேய்த்து, 1 மி.மீ. எவர்சில்வர் கம்பியில் மூக்கு, வயிறு, வால் மூன்று இடத்திலும் வளையம் வருகிற மாதிரி ஒரே கம்பியாக வளைத்துப் பள்ளத்துக்குள் இறக்குங்கள். மூக்கு வளையம் தூண்டில் நரம்புக்கு, மற்ற இரண்டும் முள்ளுக்கு.

அடுத்து ஈயம். என் முதல் மீனுக்கு மூன்று சாயங்காலம் உட்கார்ந்து வர்ணம் அடித்தேன், கண்கூட வைத்தேன், ஈயத்தைப் பற்றி யோசிக்கவே இல்லை. குளத்தில் போட்டதும் பக்கவாட்டில் சாய்ந்து படுத்துக்கொண்டது. கரையில் நின்ற மாமா, “என்னல மருமவனே, உம் மீனு செத்துல்லா மிதக்கு” என்றார். அன்றிலிருந்து வாளித் தண்ணீரில் பார்க்காமல் பிரஷைத் தொடுவதில்லை. மரத்துக்கு ஒரு கை வார்னிஷ் கொடுத்துக் காயவிட்டு, பிறகு போடப்போகும் அதே முள்களை வளையத்தில் மாட்டி, வலைக்கு வைக்கும் ஈயக்குண்டைத் தட்டி வயிற்றடியில் ரப்பர் பேண்டால் கட்டி மிதக்க விடுங்கள். முதுகு மட்டும் வெளியே தெரிய நிமிர்ந்து நிற்க வேண்டும், விரலால் சாய்த்தால் உடனே எழ வேண்டும். தலை கவிழ்ந்தால் ஈயத்தை வால் பக்கம் கொஞ்சம் நகர்த்துங்கள். இடம் சரி என்று தெரிந்ததும் அந்த இடத்தில் பள்ளத்தை அகலப்படுத்தி ஈயத்தை உள்ளே புதைத்து அரால்டைட்டால் அடைத்துவிடலாம்.

தாடைக்குப் பழைய சிடி போதும், 1.2 மி.மீ. பாலிகார்பனேட். வெந்நீரில் போட்டெடுத்து வெட்டினால் விரிசல் விழாது, வெள்ளிப் பூச்சைச் சுரண்டிவிடுங்கள். நடுக்கோட்டைப் பார்த்து நேராக ஒட்டுங்கள்.

வர்ணம்: முதுகு கரும்பச்சை, விலா வெள்ளி, வயிறு வெள்ளை. கீழேயிருந்து பார்க்கிற மீனுக்கு வானத்தோடு வெள்ளை வயிறு கலந்துவிடும், மேலேயிருந்து பார்த்தால் கறுத்த முதுகு தண்ணீரோடு கலந்துவிடும், நிஜக் கெண்டைக்கும் அதே ஏற்பாடுதான். செதிலுக்குக் கொசுவலைத் துண்டை இறுக்கிச் சுற்றி அதன்மேல் ஸ்ப்ரே அடித்து உரியுங்கள். வாலடியில் ஒரு கரும்பொட்டு. கடைசியாக இரண்டு கை வார்னிஷ்.

இழுத்துப் பார்க்கும்போது உங்கள் இடப்பக்கம் ஓடினால் மூக்கு வளையத்தை உங்கள் வலப்பக்கம் மயிரிழை வளையுங்கள், வலப்பக்கம் ஓடினால் நேர்மாறாக. ஒரே தடவையில் அதிகம் வளைத்தால் கம்பி தளர்ந்துவிடும்.

குளம் குத்தகையில் இருந்தால் கேட்டுவிட்டுப் போடுங்கள். களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் போகவே வேண்டாம். ஆகாயத்தாமரை மண்டிய இடத்தில் முள்கள் சிக்கி மரக்கெண்டையே போய்விடும், மடைக்கு முன்னால் உள்ள திறந்த தண்ணீரில் போடுங்கள். நாலு சுற்று இழுத்து நிறுத்தினால் மரக்கெண்டை மெல்ல மேலே எழும்பும், விரால் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் அடிக்கும். செம்மஞ்சளாகக் குஞ்சுக் கூட்டம் மேலே கொப்பளித்துக்கொண்டிருந்தால் கீழே தாய் தகப்பன் காவல் இருக்கிறது என்று அர்த்தம், அந்த இடத்தை விட்டுவிட்டு அடுத்த மடைக்குப் போய்விடுங்கள்.