தமிழ் மீடியத்துல இருந்து இன்ஜினியரிங் ஃபர்ஸ்ட் இயர் போறீங்களா?
முதல் மாசம் கிளாஸ்ல பாதி புரியாது, அதுக்காக மிரண்டுடாதீங்க. அன்னிக்கு நடத்துனத அன்னிக்கு நைட்டே புரிஞ்ச பசங்ககிட்ட தமிழ்ல சொல்லச் சொல்லி கேளுங்க, தெரியாத வார்த்தைக்கு நோட்டு ஓரத்துல தமிழ்ல அர்த்தம் எழுதி வைங்க, இதுலயே பாதி பயம் போயிடும். மேத்ஸ மட்டும் தள்ளிப்போடவே கூடாது, மேட்ரிக்ஸ்ல வர்ற ஐகன் வேல்யூ கணக்க பாத்து புரிஞ்சா பத்தாது, கைப்பட போட்டாதான் எங்க மைனஸ விடுறோம்னு தெரியும். தியரி பேப்பருக்கு காலேஜ்லயே போடுற இன்டர்னல் மார்க்கும் சேரும், அத கோட்டை விட்டுடாதீங்க. அட்டெண்டன்ஸ் 75 சதவீதம் கண்டிப்பா வேணும். அரசுப் பள்ளில படிச்சவங்க புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் திட்டத்துல மாசம் 1000 ரூபாய்க்கு காலேஜ் மூலமா அப்ளை பண்ணுங்க. ராகிங் நடந்தா மூடி மறைக்காம 1800-180-5522க்கு உடனே ஃபோன் போடுங்க.