நோர்மல் ஈசிஜியை வாசிப்பது எப்படி: முதலில் மேல் மூலையை மடியுங்கள்

ஈசிஜி என்பது இதயத்தின் மின்துடிப்பைக் கோடாகப் பதியும் சோதனை. அந்தத் தாளின் மேல் மூலையில் மெசினே ஆங்கிலத்தில் ஒரு முடிவை அச்சடித்துத் தந்துவிடும். அந்த மூலையை மடித்துவிட்டுத் தொடங்குங்கள். அதை முதலில் வாசித்தால் கண் அதையே தேடிக்கொண்டு போகும். நீங்கள் வாசித்து முடித்த பிறகு திறந்து ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

திருகோணமலையில் தாதியர் பயிற்சிக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். இதயத்தின் அறைகள், துடிப்பு கிளம்பும் இடம் எல்லாம் உயர்தர உயிரியலில் படித்ததுதான், அதனால் நேரே தாளுக்குப் போவோம்.

1. தாளைப் பாருங்கள், அலையை அல்ல

வழமையாகத் தாள் செக்கனுக்கு 25 மில்லிமீற்றர் ஓடும். அப்படியானால் ஒரு சின்னக் கட்டம் 0.04 செக்கன், பெரிய கட்டம் 0.2 செக்கன். உயரத்தில் 10 மில்லிமீற்றர் என்பது 1 மில்லிவோல்ற். ஓரத்தில் இரண்டு பெரிய கட்ட உயரத்துக்கு ஒரு பெட்டி வரைந்திருக்கும், அதுதான் அளவுக் குறி. யாராவது வேகத்தை 50க்கு மாற்றி வைத்திருந்தால் எல்லாம் இரண்டு மடங்கு அகலமாகி, துடிப்பு பாதியாகத் தெரியும். தாளின் அடியில் எழுதியிருக்கும் எண்ணைப் பார்த்துவிட்டே மேலே போங்கள்.

2. வேகமும் ஒழுங்கும்

லீட் என்பது இதயத்தை ஒரு பக்கமிருந்து பார்க்கும் பதிவு. அடியில் நீளமாக ஓடும் லீட் 2ஐ எடுங்கள். ஒவ்வொரு துடிப்பிலும் உயர்ந்து நிற்கும் கூர்முனைதான் ஆர். ஓர் ஆர் முனையிலிருந்து அடுத்த ஆர் முனை வரை எத்தனை பெரிய கட்டம்? 300ஐ அதனால் வகுத்தால் நிமிடத்துக்கான துடிப்பு. 4 கட்டம் என்றால் 75. பெரியவர்களுக்கு 60 முதல் 100 வரை சரி. இடைவெளி ஒழுங்கில்லை என்றால் இந்தக் கணக்கு உதவாது. 10 செக்கன் தாளில் உள்ள ஆர்களை எண்ணி 6ஆல் பெருக்குங்கள்.

ஈசிஜிக்கென்று விற்கும் அடிமட்டமும் போன் ஆப்பும் தேவையில்லை. வெள்ளைத் தாள் துண்டொன்றை வைத்து மூன்று ஆர் முனைகளைப் பென்சிலால் குறித்து, அப்படியே பக்கவாட்டில் நகர்த்துங்கள். குறிகள் பொருந்திக்கொண்டே போனால் ஒழுங்கு சரி.

3. ஒரு துடிப்புக்குள்

ஒவ்வொரு கியூஆர்எஸ்ஸுக்கும் (ஆர் முனையும் அதன் இருபக்கப் பள்ளங்களும் சேர்ந்தது) முன்னால் ஒரு பி அலை (சின்ன மேடு), லீட் 2இல் மேல் நோக்கி, ஒரே வடிவத்தில் இருக்க வேண்டும். பிஆர் இடைவெளி 3 முதல் 5 சின்னக் கட்டம். பி தொடங்கும் இடத்திலிருந்து கியூஆர்எஸ் தொடங்கும் இடம் வரைதான் அளக்க வேண்டும், ஆர் முனை வரை அல்ல. கியூஆர்எஸ்ஸின் அகலம் 3 சின்னக் கட்டத்துக்குள். கியூஆர்எஸ் முடிந்து, அடுத்து வரும் ரி அலை தொடங்கும் வரையான எஸ்ரி பகுதி அடிக்கோட்டின் மட்டத்தில். கியூரிக்கு, அதாவது கியூஆர்எஸ் தொடங்குவதிலிருந்து ரி முடியும் வரையான நேரத்துக்கு, ஒரு குறுக்கு வழி: துடிப்பு 60க்கும் 100க்கும் இடையில் இருந்தால், அது ஆர்-ஆர் இடைவெளியில் பாதியைத் தாண்டக் கூடாது.

4. தலைகீழாக நிற்கும் ஏவிஆர்

எனக்கு நெடுநாள் பிடிபடாத இடம் இது. ஒரே இதயம், ஒரே துடிப்பு, பிறகு ஏன் ஒரு லீட்டில் மலையும் இன்னொன்றில் பள்ளமும்?

மூதூரிலிருந்து நம் இறங்குதுறைக்கு ஒரு படகு வருகிறது. இங்கே நிற்பவருக்கு அது நெருங்குகிறது, மூதூர்க் கரையில் நிற்பவருக்கு விலகுகிறது. லீட் என்பது நாம் நிற்கும் கரை. நெருங்கினால் கோடு மேலே, விலகினால் கீழே. இதயத்தின் மின்னோட்டம் மொத்தத்தில் வலது மேலிருந்து இடது கீழ் நோக்கிப் போகிறது. லீட் 2 இடது கால் பக்கமிருந்து பார்ப்பதால் நிமிர்ந்து நிற்கும். ஏவிஆர் வலது தோளிலிருந்து பார்ப்பதால் பி, கியூஆர்எஸ், ரி எல்லாமே கவிழ்ந்திருக்கும். அதுதான் நோர்மல்.

ஆகவே ஏவிஆர் நிமிர்ந்து லீட் 1 கவிழ்ந்திருந்தால், வருத்தத்தைத் தேடுவதற்கு முன் வயரைப் பாருங்கள். வலது கை சிவப்பு, இடது கை மஞ்சள், இடது கால் பச்சை, வலது கால் கறுப்பு. இரு கை வயர்களும் மாறியிருந்தால் இப்படித்தான் வரும். இதயமே வலப்பக்கம் இருப்பவர்களிலும் இப்படி வரும், ஆனால் அவர்களுக்கு, நெஞ்சில் ஒட்டும் வி1 முதல் வி6 வரையான லீட்களில், வி6 நோக்கிப் போகப் போக ஆர் சிறுக்கும். வயர் மாறியது என்றால் நெஞ்சு லீட்கள் ஒழுங்காகவே இருக்கும்.

லீட் 1, 2 இரண்டிலும் கியூஆர்எஸ் மேல் நோக்கி இருந்தால் அச்சு, அதாவது மின்னோட்டம் மொத்தத்தில் போகும் திசை, சரி.

5. நெஞ்சு லீட்கள்

வி1இல் சின்ன ஆர், ஆழமான எஸ் (ஆருக்குப் பின் வரும் பள்ளம்). அங்கிருந்து ஆர் வளர்ந்து, வி3 அல்லது வி4 அளவில் எஸ்ஸை முந்திவிடும். வி1இல் ரி கவிழ்ந்திருப்பது சாதாரணம். லீட் 3இல் மட்டும் கவிழ்ந்திருந்தாலும் பெரும்பாலும் அப்படித்தான். வி1, வி2 ஸ்ரிக்கர்களை நான்காவது விலா இடைவெளியில்தான் ஒட்ட வேண்டும். அவசரத்தில் பலர் மேலே ஒட்டிவிடுகிறார்கள், ஆர் வளராத மாதிரித் தெரிவதற்கு அது ஒரு முக்கிய காரணம்.

இனி மடித்த மூலையைத் திறக்கலாம்.

ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். மாரடைப்பு வந்தவரின் முதல் ஈசிஜிகூட நோர்மலாக இருக்கலாம். நெஞ்சு நோவோடு இருப்பவரைத் தாள் நன்றாக இருக்கிறது என்று வீட்டுக்கு அனுப்பாதீர்கள். வீட்டில் என்றால் 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழையுங்கள். வைத்தியசாலையில் வைத்தியர்கள் திரும்பத் திரும்ப ஈசிஜி எடுப்பதும் இதனால்தான்.

பின்னர் சேர்த்தது: இதை வாசித்த ஒருவர், தன் பதின்வயது மகனின் தாளில் ஆர் இடைவெளி கூடிக் குறைகிறதே என்று கேட்டிருந்தார். மூச்சை உள்ளே இழுக்கும்போது துடிப்பு வேகமாகி, விடும்போது மெதுவாவது இளையவர்களில் இயல்பு. ஒவ்வொரு துடிப்புக்கும் முன்னால் அதே பி அலை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தாலும் தாளை ஒருமுறை வைத்தியரிடம் காட்டிவிடுங்கள்.

இன்னொன்று: கோடு அலைந்து அலைந்து வருகிறது என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். நம்மூர் வெயிலில் பெரும்பாலும் வியர்வைதான் காரணம். துடைத்துவிட்டு ஸ்ரிக்கரைப் புதிதாக ஒட்டுங்கள். கோடு பொடிப் பொடியாக நடுங்கினால் நோயாளிக்குக் குளிராக இருக்கலாம், போர்த்திவிடுங்கள். தாளை லமினேற் பண்ணவே வேண்டாம். அது வெப்பத்தில் பதியும் தாள், முழுக்கக் கறுத்துவிடும். சும்மா வைத்தாலும் நாளடைவில் மங்கும். ஒரு போட்டோக்கொப்பி எடுத்துக் கிளினிக் கொப்பிக்குள் வையுங்கள், அடுத்த முறை பழையதோடு ஒப்பிட வைத்தியர் அதைத்தான் கேட்பார்.