பழைய விசாவில் இருந்த அதே சட்டை

விசாவைப் ‘புதுப்பிப்பது’ என்று சொல்கிறோமே தவிர, பெரும்பாலும் அது புது விண்ணப்பம்தான். அதனால் கடைசி வாரத்தில் ஓடாதீர்கள். உதாரணத்துக்கு, பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். 15 நாளுக்கு முன்பாவது கொடுத்தாக வேண்டும்.

முதலில் பாஸ்போர்ட்டைப் புரட்டுங்கள். இன்னும் 6 மாதமாவது அது செல்லுபடியாக வேண்டும் என்று பல நாடுகள் கேட்கும். வெற்றுப் பக்கம் இரண்டு இருக்கட்டும். பழைய விசா பழைய பாஸ்போர்ட்டில் இருந்தால் அதையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் மாட்டிக்கொண்டது புகைப்படத்தில். ஷெங்கனுக்கு 35×45 மில்லிமீட்டர், அமெரிக்காவுக்கு 2 அங்குலச் சதுரம். அளவெல்லாம் சரிதான். ஆனால் போன தடவை எடுத்ததில் இரண்டு மிச்சம் இருக்கிறதே என்று அதையே கொண்டுபோனேன். கவுன்டரில் இருந்த பெண் அதைப் பழைய விசாவின் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அதே சட்டை, அதே கலைந்த முடி. “ஆறு மாதத்துக்குள் எடுத்தது வேண்டும்” என்று சிரிக்காமல் சொன்னார். நான்தான் அசட்டுத்தனமாகச் சிரித்தேன். அன்றைய அப்பாயின்ட்மென்ட் போனது போனதுதான்.

படிவத்தில் தேதி எழுதும்போது நாள் முதலிலா மாதம் முதலிலா என்று பாருங்கள். பல தூதரகங்களில் செல்போனை உள்ளே விடமாட்டார்கள், எல்லாவற்றையும் அச்செடுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், பாஸ்போர்ட் கைக்கு வந்ததும் அங்கேயே நின்று பெயர், தேதி, எத்தனை முறை நுழையலாம் என்பதைப் படித்துவிடுங்கள். பிழை இருந்தால் அப்போதே சொல்லுங்கள்.