ஒரு ரவுட்டர் விழுந்தால் முப்பது அலாரம் ஏன்?

ஹட்டனில் அலுவலகம், தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலை, அங்கே கொழுந்துத் தராசுக் கணினி, கெமராக்கள், ஒரு ரவுட்டர். இவற்றை, கருவிகள் இயங்குகின்றனவா என்று கண்காணிக்கும் மென்பொருளான நாகியோஸில் ஏற்றும்போது பலர் ஐபி முகவரிகளை வரிசையாகச் சேர்த்துவிட்டு வேலை முடிந்தது என்று எழுந்துவிடுகிறார்கள். எது எதற்குப் பின்னால் இருக்கிறது என்று மென்பொருளுக்குச் சொல்வதே இல்லை. தொழிற்சாலை ரவுட்டர் விழுந்தால் அதற்குப் பின்னால் உள்ள எல்லாமே ‘டவுன்’ என்று கத்தும்.

இதற்குத்தான், ஒரு கருவி எதற்குப் பின்னால் இருக்கிறது என்று சொல்லும் ‘பேரன்ட்ஸ்’ என்ற வரி அமைப்புக் கோப்பில் இருக்கிறது. தராசுக் கணினிக்கு ரவுட்டரைப் பேரன்டாகக் கொடுத்தால், ரவுட்டர் மட்டும் ‘டவுன்’, மற்றவை ‘அன்ரீச்சபிள்’ (எட்ட முடியாதவை) ஆகும். பார்வை எப்போதும் கண்காணிக்கும் சர்வரிலிருந்துதான். ரவுட்டருக்குத் தராசுக் கணினியைப் பேரன்டாகக் கொடுத்து, தலைகீழாக எழுதுபவர்களும் உண்டு. இன்னொன்று, அறிவிப்பு விருப்பங்களில் ‘யு’ எழுத்து இருந்தால் அன்ரீச்சபிளுக்கும் செய்தி வரும். அதை எடுத்துவிடுங்கள்.

அடுத்தது அளவுகள். நாகியோஸோடு வரும் மாதிரிக் கோப்பில் பிங் (கருவிக்குச் சிறு செய்தி அனுப்பிப் பதில் வர ஆகும் நேரத்தை அளப்பது) 100 மில்லிசெக்கனைத் தாண்டினாலோ, அனுப்பிய பொதிகளில் (பாக்கெட்) 20% இழந்தாலோ எச்சரிக்கை. கேபிள் போட்ட கட்டடத்துக்கு அது சரி. மலைச்சரிவில் ஃபோர்ஜி டொங்கிளில் ஓடும் டிவிஷன் அலுவலகத்துக்கு, எல்லாரும் போன் பார்க்கும் மாலை நேரத்தில் 100 ஒரு பெரிய விஷயமே இல்லை. ஒரு வாரம் அளந்து பார்த்து, அந்த லைனுக்கென்று தனி அளவு வையுங்கள்.

எத்தனை முறை சோதித்துத் தோற்றபின் செய்தி அனுப்புவது என்று சொல்லும் ‘மேக்ஸ் செக் அட்டெம்ப்ட்ஸ்’ அளவை 1 என்று வைப்பது வீண் பதற்றம். கரண்ட் போய் ஜெனரேட்டர் பிடித்து, ரவுட்டர் எழுந்து வர சில நிமிடம் ஆகும். மறுமுயற்சி இடைவெளி 1 நிமிடம், முயற்சி 5 என்றால், முதல் தோல்விக்குப் பிறகு சுமார் 4 நிமிடம் பொறுத்துத்தான் செய்தி போகும். அதற்குள் பாதிப் பிரச்சினை தானே தீர்ந்துவிடும்.

விண்டோஸ் கணினி பிங்குக்குப் பதில் சொல்லவில்லை என்று ஃபயர்வாலையே அணைத்துவிடுகிறார்கள். பிங் விதியை மட்டும் திறந்தால் போதும். கருவிகளின் நிலையை வாசிக்க உதவும் எஸ்என்எம்பி நெறிமுறையின் கடவுச்சொல்லை ‘பப்ளிக்’ என்றே விட்டுவைப்பதும் இதே சோம்பல்தான். அப்புறம், அமைப்புக் கோப்பை மாற்றியதும் நாகியோஸ் கட்டளையில் ‘மைனஸ் வி’ (-v) போட்டுச் சரிபார்க்காமல் ரீஸ்டார்ட் செய்யாதீர்கள். ஒரு அடைப்புக்குறி விட்டுப்போனாலும் நாகியோஸ் எழாது.

கடைசியாக, பெரிய ஓட்டை: லைன் போய்விட்டது என்ற மின்னஞ்சல் அதே லைன் வழியாகத்தானே போக வேண்டும்? சர்வரில் சிம் போட்ட ஜிஎஸ்எம் மோடம் ஒன்றைச் செருகி, எஸ்எம்எஸ் வழியையும் அமையுங்கள். சர்வருக்கும் மோடத்துக்கும் யுபிஎஸ் வேண்டும். பிறகு அலுவலக ரவுட்டரின் வெளிக்கேபிளைக் கழற்றி, யாருடைய போன் அடிக்கிறது என்று பாருங்கள். கணக்குப் பிரிவிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுச் செய்யுங்கள், சம்பள நாளில் மட்டும் வேண்டாம்.