டெஸ்ட் ஃபெயில்னு வந்ததும் பதறாதீங்க, நேத்தும் அது ஃபெயிலான்னு பாருங்க

கீழக்கரையில வீட்டு மாடியில ஒரு பழைய டெஸ்க்டாப் கெடக்கு, அதுதான் என் பில்ட் சர்வர். ஜிசிசின்னு ஒரு கம்பைலர், அதாவது நாம எழுதுற புரோகிராம மெஷினுக்குப் புரியுற மாதிரி மாத்துற சாஃப்ட்வேர், அதோட சோர்ஸ் கோட இறக்கி கட்டுறதும் டெஸ்ட் ஓட்டுறதும்தான் அதுக்கு வேலை. மொத தடவை ரிசல்ட்ல ஃபெயில் ஃபெயில்னு வந்ததும் நான் மாத்துன நாலு வரியாலதான் எல்லாம் போச்சுன்னு ராத்திரி பூரா தேடுனேன், விடியுற நேரத்துலதான் கையே வைக்காத சோர்ஸயும் ஓட்டிப் பாப்போமேன்னு தோணுச்சு, பாத்தா அதுலயும் அதே ஃபெயிலுங்க.

இங்க வலை பொத்துறவங்களக் கேளுங்க, கடலுக்குப் போகும்போதே எது பழைய கிழிசல்னு தெரிஞ்சாத்தான் இன்னைக்கு பாறையில மாட்டி கிழிஞ்சது எதுன்னு சொல்ல முடியும். அதனால மாத்துறதுக்கு முன்னாடி ஒரு ஓட்டம், மாத்துன பிறகு ஒரு ஓட்டம், அதே மெஷின், கட்டுறதுக்கு முன்னாடி குடுக்குற செட்டிங்கான அதே கான்ஃபிகர் ஆப்ஷன். மொத்த எண்ணிக்கைய மட்டும் ஒப்பிடாதீங்க, ஒரு டெஸ்ட் சரியாகி இன்னொண்ணு உடைஞ்சா கூட்டுத்தொகை மாறவே மாறாது! டெஸ்ட் பேர் வாரியா ஒப்பிட ஜிசிசி சோர்ஸ்லயே கான்ட்ரிப் ஃபோல்டருக்குள்ள ஒரு ஸ்கிரிப்ட் இருக்கு.

ரிசல்ட்ல வேற சில பேரும் வரும். எக்ஸ்ஃபெயில்னா தோக்கும்னு ஏற்கனவே தெரிஞ்ச டெஸ்ட், அதுக்கு பயப்பட வேணாம். ஆனா எக்ஸ்பாஸ் வந்தா சந்தோஷப்பட்டு விட்டுடாதீங்க, தோக்கணும்னு குறிச்சு வச்சது ஏன் ஜெயிச்சுச்சுன்னு பாக்கணும். அன்சப்போர்ட்டட்னா பாஸ் இல்ல, ஓடவே இல்லன்னு அர்த்தம். பச்சை லைட் எரியணும்னு புது ஃபெயிலுக்கு எக்ஸ்ஃபெயில் போடுறது இருக்கே, அது சுத்த ஏமாத்து வேலை.

டெஸ்ட ஓட்டுற மேக் கமாண்டுல, தப்பு வந்தாலும் நிக்காம போன்னு சொல்ற கே ஃபிளாக் (-k) போட மறந்தா ஒரு எடத்துல தப்பு வந்ததுமே மிச்சத்த ஓட்டாம நின்னுடும். டைம் மிச்சம்னு பூட்ஸ்ட்ராப்ப விட்டுடுறவங்களும் உண்டு, கம்பைலர் தன்னையே மூணு கட்டமா கட்டி ரெண்டாவதும் மூணாவதும் ஒண்ணா இருக்கான்னு பாக்குற வேலை அது, விடாதீங்க.

நாலு கோர் மெஷின்ல ஒரே நேரத்துல பதினாறு ஜாப் ஓட்டுனா கம்பைலர் மேல தப்பே இல்லாம, குடுத்த நேரத்துக்குள்ள முடியாம டைம்அவுட்ல டெஸ்ட் விழும், அப்புறம் நாளைக்கு ஓட்டுனா பாஸ் ஆகும், நாம குழம்பிக்கிட்டு கெடப்போம்.

இன்னொண்ணு, ஆடிக் காத்துல கரண்ட் போய் ஓட்டம் பாதியில நின்னுச்சுன்னா ஃபெயில் கம்மியா இருக்குற மாதிரி தெரியும். ஒரு தடவை அதப் பாத்துட்டு பரவாயில்லயேன்னு சந்தோஷமா டீ குடிக்கப் போயிட்டேன். இப்பல்லாம் ரிசல்ட் ஃபைல் கடைசியில சம்மரி வந்திருக்கான்னுதான் மொதல்ல பாக்குறேன்.